பத்தரை மணிக்குச் சாதுவான மலை

எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் தங்கத்தில்தான் தொடங்குவார்கள். நான் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். எனக்குக் கோலார் தங்கவயலின் இந்த சாம்பியன் ரீப்ஸ், அளப்பதில்தான் தொடங்குகிறது.

1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இந்தப் பக்கம் வந்ததும் நிலம் அளக்கத்தான். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை வரைய வேண்டியிருந்தது. மாரிகுப்பம், உரிகம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதாகக் காதில் விழ, கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்றார். வண்டியில் மண் வந்தது, அவர் கண்ணெதிரே கழுவினார்கள், பொன்துகள் மின்னியது. இந்தக் கதை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அதற்குப் பிறகு வாரன் என்ன ஆனார் என்பதை யாரும் சொல்வதில்லை. சில ஆண்டுகளில் சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்புக்குப் போனார். பிறகு புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் எழுத்தே இல்லாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே கிரகணத்தைக் கணக்கிட்டதைப் பார்த்து வியந்து எழுதினார். தென்னிந்தியக் கால அளவைகள் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலித' 1825-இல் சென்னையில் அச்சானது. எங்கள் மண்ணை அளந்தவர் கடைசியில் வானத்தை அளக்கப் போனார். அவர் கண்ட பொன்னைவிட அந்தச் சோழிக் கணக்குதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. அது போகட்டும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று பெரிய சுரங்கங்கள் நான்கு. வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து எங்கள் முன்னோர் வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து ரயில். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம். பெங்களூருக்கே அது எங்களுக்குப் பிறகுதான் போனது. குழி ஆழமாகிக்கொண்டே போய், சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. ஊர் கடல்மட்டத்துக்கு மேல் தொள்ளாயிரம் மீட்டர் வாக்கில் இருக்கிறது. அப்படியானால் என் அப்பா வேலை பார்த்த இடம் கடல்மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே. பாறையைத் தொட்டால் கை சுடும்.

அந்த ஆழத்துக்குத் திசையைக் கொண்டுபோவது சர்வேக்காரன் வேலை. செங்குத்துக் குழியான ஷாஃப்ட்டில் இரண்டு பியானோக் கம்பிகளைத் தொங்கவிட்டு, நுனியில் எடை கட்டி, எடை ஆடாமல் நிற்க எண்ணெய் வாளியில் மூழ்கவைப்பார்கள். மேலே அளந்த திசை அந்தக் கம்பிகள் வழியாகக் கீழே இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே ஒவ்வொரு லெவலும் வரையப்படும். அவர்கள் எழுதிக்கொண்டுவந்த எண்களை டிரேசிங் துணியில் இந்தியன் இங்க்கால் ஏற்றுவது என் வேலை. எந்த ஆண்டில் எந்தப் பாறையை வெட்டினார்கள் என்று ஆண்டுக்கு ஒரு நிறம் பூசுவோம். அமோனியா நெடியில் பிரின்ட் எடுப்போம். பூமிக்குள்ளே ஒரு முழ இடம்கூட வரைபடத்தில் விடுபடாது.

மேலே? மேலே இருந்த ஊருக்கு அந்த அக்கறை கிடையாது. எங்கள் வரைபடங்களில் சயனைடு மலை ஒரு வெறும் கோட்டு வளையம். உள்ளே 'டம்ப்' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அந்த வளையத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்லியாக வேண்டும். பாறையை மில்லில் மாவாக இடித்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன்னைக் கரையவிடுவார்கள். கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டால் பொன் படியும். மிச்சம் மாவு. அதைத் தண்ணீரில் குழம்பாக்கி பம்ப் செய்து ஊர் ஓரத்தில் கொட்டினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் இந்த வயலிலிருந்து ஏறக்குறைய 800 டன் பொன் போனது. இங்கேயே நின்றுவிட்ட மாவு சுமார் 3.3 கோடி டன். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பவுனுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் வருகிறது. யார் யார் கழுத்திலோ பவுன் இருக்கிறது. முந்நூறு கிலோ எங்கள் வாசலில். ஆடி ஆவணிக் காற்றில் அது கிளம்பும். சோற்றுச் சட்டியை மூடிவைப்பதும், கொடியில் காயும் துணியை ஓடிப்போய் எடுப்பதும், இருமுகிற பிள்ளையை உள்ளறைக்குத் தூக்கிப்போவதும் இந்த ஊரில் பருவ வேலைகள். சினிமாக்காரர்கள் அதே மலையைப் பாலைவனம் என்று படம் பிடித்துப் போனார்கள்.

தரைக்குக் கீழே நடப்பதைக் கேட்கவும் ஏற்பாடு இருந்தது. ஆழத்தில் பாறை தாங்காமல் வெடிப்பதை நாங்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்போம். லைன் வீட்டில் பாத்திரம் உருளும். பெண்கள் உடனே ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். அந்த வெடிப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க அதிர்வுமானிகள் வைத்தார்கள். 1970-களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அந்த வலை விரிவானது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டதே எங்கள் சாம்பியன் ரீப்ஸில்தான். பாறை வெடிப்பைப் பற்றி இந்த நாட்டுக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்தது.

இனி சொல்லப்போவது ஊரில் பலருக்குத் தெரியாது. 1950-களின் தொடக்கத்திலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீகண்டன் காஸ்மிக் கதிர்களை அளக்கக் கருவியோடு, எங்கள் ஆட்களை இறக்கும் கேஜில் இறங்கினார். வானத்திலிருந்து வரும் துகள்களைப் பார்க்க ஒருவர் ஏன் பாதாளத்துக்குப் போக வேண்டும்? மேலே இருக்கும் பாறை மற்றதையெல்லாம் வடிகட்டிவிடும், ஊடுருவ வல்லது மட்டும் கீழே வரும். மேலும் ஆழத்தில் வைத்த கருவியில் வாரக்கணக்கில் ஒரு மியூவான் துகளும் பதிவாகவில்லை. அவ்வளவு அமைதியான இடம் என்றால், எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோத் துகளைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. 1965-இல் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியே இறங்கி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் பதிவானது. ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆட்களும் கூட்டாளிகள். தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் அமெரிக்கர் ரைனஸ் குழு இதே வேட்டையில் இருந்தது. எங்கள் ஊர்ச் செய்தி சில வாரம் முந்தி அச்சேறியது.

அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் எம்.ஜி.கே. மேனன். 1971 டிசம்பர் கடைசியில் விக்ரம் சாராபாய் திடீரென்று இறந்தபோது, 1972 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவர் பொறுப்பு மேனனிடம் வந்தது; செப்டம்பரில் சதீஷ் தவன் ஏற்கும்வரை அவர்தான். எங்கள் கேஜில் இறங்கிய காலை வைத்தே விண்வெளித் துறை வாசலையும் மிதித்தார். அதே 1972-இல்தான் எங்கள் சுரங்கம் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆனது. அதே ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, நிலத்தைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்கா லேண்ட்சாட்டின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. மூன்றும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். ஆனால் காஸ்மிக் கதிர் படித்தவர்கள் செயற்கைக்கோள் பக்கம் போனது தற்செயல் இல்லை. ஆரியபட்டா செயற்கைக்கோளைக் கட்டிய யு.ஆர். ராவும் காஸ்மிக் கதிர்காரர்தான். பலூனிலும் சுரங்கத்திலும் கருவி வைத்து, கிடைக்கிற துளி சமிக்ஞையை நம்பி உட்கார்ந்து பழகியவர்களுக்கு அடுத்த இடம் சுற்றுப்பாதை.

மேலிருந்து பார்த்து நிலத்தின் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பதை இந்தியாவில் முதலில் காட்டியது தென்னை. 1970 வாக்கில் பிஷரோட்டி என்ற வானிலை அறிஞர் கேரளத்தில் வேர்வாடல் கண்ட தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தார். தரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியுமுன்பே நோய்ப்பட்ட மரம் படத்தில் வேறு நிறத்தில் நின்றது. நல்ல இலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், வாடிய இலை அனுப்பாது, விஷயம் அவ்வளவுதான். பிறகு அதே வேலைக்குச் செயற்கைக்கோள்கள்: 1979-இலும் 1981-இலும் இரண்டு பாஸ்கராக்கள். 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ, சோவியத் ராக்கெட்டில். அதன் கேமராவில் ஒரு புள்ளி தரையில் எழுபத்திரண்டரை மீட்டர். இன்னொன்றில் அதில் பாதி. 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்-1சி ஆறு மீட்டருக்கும் குறைவாகப் பார்த்தது. பொதுப் பயன்பாட்டுக்கான செயற்கைக்கோள்களில் அன்றைக்கு அதைவிடக் கூர்மை கிடையாது. இவையெல்லாம் பெங்களூரில் உருவானவை. காலை ரயிலில் மாரிகுப்பத்தில் ஏறினால் எட்டிவிடுகிற தூரம். அந்த ரயிலில் எங்கள் பிள்ளைகள் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ரயில்தான் எங்களுக்கு ஷாஃப்ட்.

என் அக்கா மகன் அந்த ரயிலில் போய் இந்தப் படங்களைப் படிக்கிற தொழிலில் சேர்ந்தான். அவன்தான் லேப்டாப்பைத் திறந்து எங்கள் ஊரை எனக்குக் காட்டினான். "மாமா, சிவப்பா இருக்கறதெல்லாம் பச்சை" என்றான். செடிகொடி சிவப்பு, ஏரி கறுப்பு, இப்படி நிறத்தை மாற்றிக் காட்டுவதுதான் அவர்கள் வழக்கம். பேத்தமங்கலம் ஏரியை உடனே கண்டுகொண்டேன். பாலாற்றை மறித்து எங்கள் சுரங்கத்துக்கும் குழாய்க்கும் தண்ணீர் தந்த ஏரி. அடுத்து வெள்ளையாக, வடக்கு தெற்காக, ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் சில திட்டுகள். பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியதே இல்லை. எல்லா ஒளிவரிசையிலும் பளீரென்று திருப்பி அடிப்பதால் மாவு வெள்ளையாகவே விழுகிறது. எங்கள் வரைபடத்தில் வெறும் வளையமாக இருந்த மலைக்கு முதன்முதலாக உள்ளும் புறமும் தெரிந்தது. எங்கே தண்ணீர் அரித்து ஓடை விழுந்திருக்கிறது, எந்தச் சரிவில் சீமைக்கருவேலம் ஏறியிருக்கிறது, மாவு கழுவி இறங்கி எந்த வயலில் வெள்ளை நாக்கு நீட்டியிருக்கிறது எல்லாம் தெரிந்தது.

1970-களின் படங்களில் ஒரு புள்ளி எண்பது மீட்டர், ஊர் கொச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை தெரிகிறது. லேண்ட்சாட் சேமிப்பு முழுவதையும் 2008-இல் அமெரிக்கர்கள் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் அவன் காசு செலவில்லாமல் ஆண்டு ஆண்டாகப் புரட்டுகிறான். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளைக்கு ஒருமுறை பத்து மீட்டர் கூர்மையில் வருகிறது. சர்வேயில் நாங்கள் ஒரு நிறத்துக்கு ஓர் ஆண்டு காத்திருந்தோம்.

ஒரு குறை சொன்னேன். படத்தில் புழுதியே இல்லையே? அவன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இந்தச் செயற்கைக்கோள்கள் சூரியனோடு கணக்கு வைத்துக்கொண்டு சுற்றுகின்றன. எந்த ஊரையும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில்தான் கடக்கும். எங்களுக்கு அது காலை பத்து, பத்தரை. நிழல் ஒரே மாதிரி விழட்டும், படங்களை ஒப்பிடலாம் என்பதற்காக அப்படி. ஆனால் சயனைடு மலை பத்தரை மணிக்குச் சாது. வெயில் ஏறி, சாப்பாட்டு நேரம் தாண்டி, காற்று எழும்பினால்தான் அது கிளம்பும். இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். ஆடியில் மேகம் வேறு மறைக்கும். நாள் முழுக்கப் பார்க்கிற இன்சாட் வகைக் கோள்கள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் ஒரு புள்ளியே ஒரு கிலோமீட்டர், எங்கள் மலையும் லைனும் பள்ளிக்கூடமும் அதில் ஒன்றாகிப்போகும். ஆக, ஐம்பதாண்டுப் படங்களைக் கோத்து ஒருவர் ஆராய்ச்சி எழுதினால், இது புழுதியே இல்லாத ஊர் என்று முடிக்கலாம். புழுதி போய்ப் படிந்த இடத்தை வேண்டுமானால் பிடிக்கலாம். பறந்ததைப் பிடிக்க முடியாது. அதற்குத் தரையில்தான் கருவி வைக்க வேண்டும், அதுவும் மத்தியானத்தில்.

ரேடார் விஷயம் வேறு. சென்டினல்-1 இருட்டிலும் மழையிலும் தானே அலையை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரண்டு நாள் எடுத்த அலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், தரை இடையில் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் வரிவரியாகத் தெரியும். ஒரு வரிக்கு ஏறக்குறைய 2.8 சென்டிமீட்டர், நிறையப் படங்களைக் கோத்தால் மில்லிமீட்டர் கணக்கு. சர்வேக்காரனுக்கு இதைக் கேட்டதும் உட்கார முடியவில்லை. லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர்களை எனக்குத் தெரியும். புதருக்குள் இந்தக் கணக்குத் தப்பும், இலை அசைந்து குழப்பிவிடும். கட்டடம், பாறை, இரும்பு என்றால் நிற்கும். எங்கள் ஊரில் ஷாஃப்ட்டுகளின் மேல் மிச்சமிருக்கிற ஹெட்கியர் கோபுரங்கள் அலைக்கு அருமையான நிலைப்புள்ளிகள். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, நீள அலையும் வைத்திருக்கிறது. இலையைக் கடந்து தரைக்குப் போகும் என்கிறார்கள்.

இங்கே தரை ஏன் அசைய வேண்டும் என்று கேட்கலாம். சுரங்கத்தை மூடியபோது பம்புகளையும் நிறுத்தினார்கள். மூன்று கிலோமீட்டர் வெற்றிடத்தில் ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் ஏறியது. நெதர்லாந்தின் தெற்கு லிம்பர்கில் மூடிய நிலக்கரிச் சுரங்கங்களில் இப்படித் தண்ணீர் ஏறியபோது, பல ஆண்டுகளாக அமுங்கியிருந்த தரை மெல்ல மேலெழுந்ததை ரேடார் படங்களில் கண்டார்கள். எங்களுடையது கடினப் பாறை, அவர்களுடையது போல நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சுரங்கம் மூடின பிறகும் தரை உறுமுவதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம். சுவரில் புது விரிசல் விழுந்தால் கட்டினவனைத் திட்டுவதா, கம்பெனியைத் திட்டுவதா என்று இங்கே நெடுநாள் வழக்கு.

மலைகளைப் பற்றிய கவலை இன்னொரு வகை. 2019 ஜனவரி 25-இல் பிரேசிலின் புருமாதின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் செத்தார்கள். அதன் பிறகு சென்டினல் படங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், உடைவதற்கு முந்தைய வாரங்களில் அணை அசைவு கூடியதைக் கண்டார்கள். படம் அப்போதே வந்து கிடந்தது. பார்க்க ஆள் இல்லை. எங்களுடையது உலர்ந்த மேடு, அவர்களுடையது ஈரச் சேறு. ஒன்றை மற்றதோடு பிணைத்து ஊரைப் பயமுறுத்த மாட்டேன். ஆனாலும் சிதம்பர ரகசியம் மாதிரி திரைபோட்டு வைக்க இதில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து விழுகிற படத்தைப் பார்க்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம்.

மத்திய அரசு 2000-த்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தரிசு நில அட்லஸ் ஒன்று போட்டது. அதில் சுரங்கத்தாலும் தொழிற்சாலையாலும் பாழான நிலத்துக்கென்று ஒரு வகை வைத்தார்கள். மணல்மேடு, உவர்நிலம், பாறைநிலம் ஆகியவற்றோடு வரிசையில் இதுவும். மனுஷன் கொட்டியதையும் இயற்கை கொடுத்ததையும் ஒரே பட்டியலில் சேர்த்ததில் எனக்கு உடன்பாடில்லை. கொட்டியவனுக்குப் பெயர் உண்டு, கணக்குப் புத்தகமும் உண்டு.

இப்போது அந்தக் கணக்குப் புத்தகங்களுக்கு வேலை வந்திருக்கிறது. 2024-இல் கர்நாடக அமைச்சரவை 13 மாவு மலைகளில், ஆயிரம் ஏக்கர் அளவில், மீண்டும் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் தந்தது. மாவில் டன்னுக்கு ஒரு கிராமும் தேறாது என்றாலும், இன்றைய பொன் விலையில் அது லாபம். ஊரில் இரண்டு கட்சி. வேலை வரும் என்பவர்கள் ஒருபுறம், ஆறிக் கிடப்பதைக் கிளறினால் காற்றில் என்ன வரும் என்பவர்கள் மறுபுறம். நான் இரண்டாம் கட்சி, ஆனால் முதல் கட்சிக்காரன் வீட்டு அடுப்பும் எனக்குத் தெரியும். கிளறுவதானால் கிளறும் முன்பு மலை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும்: உயரம், சரிவு, ஓடை, கழுவி இறங்கிய எல்லை. அந்தச் சான்று ஐம்பதாண்டாக மேலே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

போன வாரம் மருமகன் பெரிய தாளில் ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தான். பழைய சர்வே கூட்டாளிகள் என் வீட்டில் கூடி, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு மேட்டுக்கும் எந்த மில், எந்த ஆண்டுகள் என்று எழுதினோம். தெற்கு ஓரத்தில் ஒரு சாம்பல் திட்டில் சண்டை வந்தது. அது மாவு கழுவி இறங்கியது என்றேன் நான். கிடையாது, பழைய செங்கல் சூளை என்றார் எனக்கு மேலே ஹெட் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். இன்னமும் மேலதிகாரி தோரணையில்தான் பேசுவார். மருமகன் 1973 படத்தைத் திறந்தான், எண்பது மீட்டர் புள்ளியில் ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்வெட்டியோடு அந்த இடத்துக்குப் போகிறோம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறேன். மருமகன் மூக்கைக் கட்டத் துணி கொண்டுவரட்டும்.